பீப்பாய் பீரும் ஒரு படி உப்பும்

பீர் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு தடவை நாக்கு நுனியில் வைத்தேன். வேப்பங்கொழுந்து ஊறிய தண்ணீர் மாதிரி கசந்தது, துப்பிவிட்டேன். ஆனால் அதைப் பீப்பாயிலிருந்து தம்ளர் வரைக்கும் சூடு படாமல் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் தெரியும். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். இந்தப் பாடத்தை ஒரு மே மாதக் காலையில், ஒரு மணி நேரத்துக்குள், அழுதுகொண்டே படித்தேன்.

எங்களுடையது ஐஸ் டிப்போ. மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் போகிற ஒரு சந்தில், முன்பக்கம் ஒரே ஒரு அறை. அதில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி, உள்ளே தகரம் அடித்தது. விடியற்காலையில் மீன்பாடி வண்டியில் ஐஸ் பார் வரும். சாக்கு சுற்றி, மரத்தூள் கொட்டி, பெட்டிக்குள் இறக்கி மூடிவிடுவோம். சும்மா சும்மா மூடியைத் திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

மீன் விற்கிறவர்கள், சோடாக் கடைக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஐஸ்கிரீம் சுற்றுகிறவர்களும் வருவார்கள். மர வாளியின் நடுவில் பால் ஊற்றிய குவளை இருக்கும். அதைச் சுற்றி ஐஸும் கல்லுப்பும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் பால் இறுகும். அதனால் அவர்களுக்கு ஐஸோடு கூடவே உப்பும் அளந்து கொடுப்பது எங்கள் டிப்போ வழக்கம். மூலையில் உப்பு மூட்டை எப்போதும் இருக்கும். உப்பு போட்டால்தான் ஐஸுக்கு ரோஷம் வரும் என்று இவர் சொல்வார். ஐஸ் என்று யாராவது வாயெடுத்தாலே என் கை தானாக உப்புப் படிக்குப் போகும்.

கைதான் போகும். வாய் திறக்காது. கடைக்கு வருகிறவர்களிடம் தலையை ஆட்டுவேன், விரலைக் காட்டுவேன், அவ்வளவுதான். சோடாக் கடைக்காரர் ஒருவர் இவரிடம், "பேச்சு வராத பொண்ணைக் கட்டிக்கினு எவ்ளோ நல்லா வச்சுக்கினு கீற நைனா" என்று மனசார வாழ்த்தினார். "ஒரு நாள் உள்ள வந்து கேட்டுப் பாரு, அப்புறம் சொல்லு" என்றாராம் இவர்.

பின்போர்ஷனில் இருந்த ஆங்கிலோ இந்திய அம்மாவிடம் மட்டும் நான் பேசுவேன். தெருவே அவரை ஆன்ட்டி என்றது. அவர் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. தேனாம்பேட்டையில் ஒரு ஆபீசில் டைப் அடித்து ஒரே மகளை வளர்த்தார். என் குரல் கேட்காமல் என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து குனிவார். "உன்கிட்ட பேசிப் பேசியே என் கழுத்து வளைஞ்சு போச்சு பேபி" என்பார்.

அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பெரம்பூர். மாப்பிள்ளையின் அப்பா இன்ஜின் டிரைவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே ஸ்டேஷன் தாண்டிக் கேட்கும். கல்யாணம் பேச வந்தவர்களுக்கு சர்பத் கலக்க ஐஸ் உடைத்துக்கொண்டு நான் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"சர்ச் இங்கயே இருக்கட்டும். விருந்து எங்க பக்கம் ஹால்ல வச்சுக்கலாம். பத்து ஃபேன் ஓடுது" என்றார் அவர்.

ஆன்ட்டி தலையை ஆட்டினார். "நோ. இவ டாடி தினமும் இந்த வாசல்லதான் சேர் போட்டு உக்காருவார். என் பொண்ணு இந்த வாசல்ல சாப்பிட்டுத்தான் கிளம்புவா."

"சரி, குடிக்க?"

"என் தம்பி பெங்களூர்ல பீர் கம்பெனி குடோன்ல இருக்கான். பீப்பாயே கொண்டு வர்றான்."

மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த வருஷங்கள் அவை. அதனால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இன்ஜின் டிரைவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"மே மாசத்துல, இந்த வாசல்ல, பீப்பாய் பீரா? எதுக்கும்மா சிரமம்? என் இன்ஜின் பாய்லர்லருந்து ரெண்டு பக்கெட் பிடிச்சுத் தர்றேன். அதுவாவது கொஞ்சம் ஆறியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆன்ட்டியும் சிரித்தார். ஆனால் அவருடைய காது மடல் இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். அவர்கள் போனதும் டிப்போவுக்கு வந்து பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"பேபி, அன்னைக்கு அந்த ஆள் குடிக்கிற முதல் கிளாஸ் வெதுவெதுன்னு இருந்துச்சுன்னா, என் பொண்ணு வாழ்நாள் பூரா அந்த பாய்லர் ஜோக்கைக் கேட்டுக்கிட்டே இருப்பா. வாசல்ல வைன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்."

இவர் சொல்லிவிட்டார்: "நீங்க போய்த் துணி தைக்கக் குடுங்க ஆன்ட்டி. அந்த ஆளுக்குப் பல்லு கூசலன்னா நான் டிப்போவ மூடிக்கினு போறேன்."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பீப்பாய் ரயிலில் வந்தது. கூடவே ஆன்ட்டியின் தம்பியும் வந்தார். வண்டியிலிருந்து அதை உருட்டப் பார்த்த ஆட்களை, "உருட்டாதீங்க, தூக்குங்க, குலுங்கினா எல்லாம் நுரையாப் போயிடும்" என்று அதட்டினார். நாலு பேர் தூக்கிவந்து எங்கள் பெட்டிக்குள் நிற்கவைத்தார்கள். சுற்றிலும் ஐஸ் அடுக்கி, மரத்தூள் கொட்டி, மேலே ஈரச் சாக்குப் போர்த்தினோம்.

மறுநாள் காலையில் மீன்காரக்கா ஐஸ் வாங்க வந்தாள். எங்கள் சந்தில் கூடையை இறக்கி வைத்து விற்கிறவள். நான் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசிவிடுவாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே இது? பொண்ணுக்குக் கல்யாணம்னாங்க. நீ இத்த மஞ்சத் தண்ணி ஊத்தி உள்ள குந்த வச்சிக்கீற?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"சிரி, சிரி. என் சங்கரா மீனுக்குப் படுக்க எடம் இல்ல. இது காலை நீட்டிக்கினு கீது."

கல்யாணத்தன்று பத்து மணிக்கு சர்ச். பகல் பன்னிரண்டுக்கு விருந்து. வாசலில் ஓலைப் பந்தல் போட்டாயிற்று. பீப்பாயைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம் என்று ஆன்ட்டியின் தம்பி ஏற்பாடு செய்திருந்தார். பீப்பாயின் தலையில் ஒரு கைப்பம்பு. அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப் புறப்பட்டு, டிப்போ ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியே போய், வாசல் மண்ணைக் கடந்து, பந்தலின் ஓரத்தில் போட்டிருந்த மேஜையில் ஏறும். நுனியில் ஒரு சின்னக் குழாய். மேஜை பக்கத்தில் நின்று அவர் பிடித்துக் கொடுப்பார். காலை ஏழு மணிக்கு ஒரு தம்ளர் பிடித்துப் பார்த்தார். அடியில் தேன் நிறம், மேலே ஒரு விரல்கடை நுரை. குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, நான்தான் அப்பா ஸ்தானத்துல பொண்ணைக் கூட்டிட்டு நடக்கணும். நாங்க சர்ச்சுலருந்து வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ. பதினொன்னரைக்கு ஒரு கிளாஸ் பிடிச்சுப் பாரு. அதுவும் இப்படியே வரணும்."

நான் தலையை ஆட்டினேன். இவருக்கும் அன்று முகூர்த்த நாள் வேலை. மாம்பலத்தில் ஒரு மண்டபத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் காரிலும் ரிக்‌ஷாவிலும் ஏறிப் போனபிறகு, பீப்பாயும் நானும்தான் வீட்டில்.

சும்மா இருக்க எனக்கு வராது. வாடகைக்கு வந்திருந்த கண்ணாடித் தம்ளர்களை எல்லாம் கழுவி, மேஜை மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். வெயில் பட்டு அவை பளபளவென்று நின்றன. எனக்கே பெருமையாக இருந்தது.

பதினொன்றரைக்கு ஒரு தம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். தம்ளர் முழுக்க வெள்ளை நுரை. கீழே அரை விரல் அளவுக்குக்கூட பீர் இல்லை. இன்னொரு தம்ளர் பிடித்தேன். அதுவும் நுரை. மூன்றாவதும் நுரை. தொட்டுப் பார்த்தேன், கழுத்தில் வழிகிற வியர்வைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

கூடையை இறக்கி வைத்துவிட்டு மீன்காரக்கா வந்தாள். "இன்னாமே, விருந்துக்கு சோப்பு கரைச்சு வச்சிக்கீறியா?"

"அக்கா, இது கெட்டுப்போச்சு போல இருக்கு" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. "மாப்பிள்ளையோட அப்பா வந்து குடிப்பார். ஆன்ட்டி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"அட, பேசுது" என்றாள் அக்கா. பிறகு என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திக்கொண்டாள். "மீன் கெட்டுச்சான்னு எப்டிப் பாப்போம்? கை வச்சித்தானே? கை வச்சிப் பாரு. எங்க கெட்டுச்சுன்னு தெரியும்."

பெட்டியைத் திறந்து பீப்பாயில் கை வைத்தேன். விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி சில்லென்று இருந்தது. பீப்பாய் மேல் தப்பில்லை. டியூப்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பெட்டிக்குள் குளிர்ச்சி. ஜன்னல் கம்பியில் வெதுவெதுப்பு. வாசல் மண்ணில் கிடந்த பாகத்தைத் தொட்டதும் கையை உதறினேன். தோசைக்கல் தோற்றது. ஏழு மணிக்கு அங்கே நிழல். இப்போது வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கடைசியாகத் தம்ளரைத் தொட்டேன். நான் பெருமைப்பட்டு வெயிலில் கவிழ்த்து வைத்த தம்ளர், இப்போது இறக்கிய காப்பி தம்ளர் மாதிரி சுட்டது.

வீட்டில் ராஜா மாதிரி இருந்தவரை வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கவைத்து, அடுப்பில் உட்காரவைத்தால் அவர் கொதிக்காமல் என்ன செய்வார்?

டியூப்பை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஐஸ் போட்டுக் கொடுக்கிற அண்டா ஒன்று இருந்தது. அதை ஜன்னலுக்குக் கீழே நகர்த்தி, டியூப்பைப் பாம்பு மாதிரி சுருட்டி அதற்குள் வைத்தேன். குழாய் நுனியை ஜன்னல் கட்டையில் கட்டினேன். ஐஸை நொறுக்கி அண்டா நிறையக் கொட்டினேன். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு என் கை, வழக்கப்படி, மூலைக்குப் போனது. ஒரு படி கல்லுப்பை அள்ளி ஐஸ் மேல் தூவிவிட்டு, பழைய சாக்கைப் போட்டு மூடினேன். ரோஷம் வரட்டும் என்று நினைத்தேன்.

தம்ளர்களை எல்லாம் உள்ளே எடுத்துவந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு அதில் முக்கினேன். அதற்குள் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். குழாயைத் திறந்தேன்.

ஒன்றுமே வரவில்லை.

அக்கா பம்பை அடித்தாள். ஒரு சொட்டு இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தாள். பீப்பாய்தான் முனகியது.

"மொதல்ல நுரையாவது வந்துச்சு" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கார் ஹாரன். ஒன்று, இரண்டு, மூன்று. சர்ச் முடிந்துவிட்டது.

அண்டாவுக்குள் கையை விட்டு டியூப்பை அமுக்கிப் பார்த்தேன். கல்லு. ஐஸ்கிரீம் குவளையில் பால் இறுகுகிற மாதிரியே உள்ளே பீர் இறுகிப்போயிருந்தது. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு ஐஸ்கிரீம் இறுகுவதற்காக அளந்து கொடுத்த கை, இன்றைக்கு ஆன்ட்டியின் பீரையும் ஐஸ்கிரீம் ஆக்கிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அக்கா, உப்பு. உப்பு போட்டுட்டேன்."

"கொட்டு எல்லாத்தையும்."

இரண்டு பேருமாக அண்டாவைச் சாய்த்து உப்பு ஐஸை சாக்கடைப் பக்கம் தள்ளினோம். குடத்திலிருந்த தண்ணீரை டியூப் மேல் மெதுவாக ஊற்றினேன். அக்கா பம்பைப் பிடித்துக்கொண்டாள். குழாய் இருமியது. பிறகு நொறுங்கிய பனி மாதிரி ஒரு கூழ் வந்து விழுந்தது. பிறகு கொஞ்சம் நுரை. பிறகு சன்னமாக, நிதானமாக, தேன் நிறத்தில் ஓட ஆரம்பித்தது. குழாயை மூடிவிட்டு, அண்டாவில் வெறும் ஐஸும் வெறும் தண்ணீருமாக நிரப்பினேன். உப்பு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன். வாளியிலிருந்து ஒரு ஈரத் தம்ளரை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். அடியில் தேன் நிறம், மேலே ஒரு விரல்கடை நுரை. வெளிப்புறம் முத்து முத்தாக வேர்த்தது.

வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். போட்டோ பிடிப்பதற்காக ஆன்ட்டியின் தம்பியை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். இன்ஜின் டிரைவர் நிற்கவில்லை. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தார். மேஜை காலி.

"எங்கேம்மா பீப்பாய்? ஆவியாப் போயிடுச்சா?"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. ஆன்ட்டி வெறும் மேஜையைப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் வெளியே போகவில்லை, கூப்பிடவும் இல்லை. தம்ளரோடு கையை மட்டும் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன்.

இன்ஜின் டிரைவர் வந்து வாங்கிக்கொண்டார். தம்ளரைப் பிடித்ததுமே அவருடைய புருவம் ஏறியது. ஒரு மடக்கு குடித்தார். நின்றார். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆன்ட்டி அவர் பக்கத்தில் வந்து நின்றார். "பாய்லர் தண்ணி எப்படி இருக்கு?"

அவர் மீதியையும் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"கடைவாய்ப் பல்லு ரெண்டும் கூசுது" என்றார். காலித் தம்ளரை ஜன்னலுக்குள் நீட்டினார். "இன்னொன்னு குடும்மா."

பந்தல் முழுக்கக் கைதட்டினார்கள். ஆன்ட்டி தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். அவருடைய காது மடல் மறுபடியும் சிவந்திருந்தது.

அதன் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. அக்கா பம்பு அடித்தாள். தம்ளரை மட்டும் தொட மாட்டேன் என்றுவிட்டாள். "என் கை பட்டா மாப்ள வீட்டுக்காரங்க நெத்திலி வாடை அடிக்குதும்பாங்க." நான் முக்கி, சாய்த்து, பிடித்து, நீட்டிக்கொண்டே இருந்தேன். ஆன்ட்டியின் தம்பி ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அண்டாவையும் வாளியையும் பார்த்துவிட்டு, "இது எங்க குடோன்ல யாருக்கும் தோணலையே" என்று சொல்லிவிட்டு, என்னை விலகச் சொல்லாமல் அவரும் வரிசையில் போய் நின்றார். யார் வந்தாலும் அவர்களுக்கு என் முகம் தெரியாது, வளையல் போட்ட ஈரக் கைதான் தெரியும். சிலர் அந்தக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். கிதார் வாசித்தார்கள், ஆடினார்கள். மணப்பெண் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, கேக் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். விரல் மரத்துப்போயிருந்ததால் கேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் உப்புக் கரித்தது. அதைப் போல ருசியான கேக்கை நான் பிறகு தின்றதில்லை.

மூன்று மணிக்கு இவர் காலி வண்டியோடு வந்து சேர்ந்தார். ஜன்னலில் இருந்த வரிசையைப் பார்த்து மிரண்டு, பின்பக்கமாக உள்ளே வந்தார்.

"இன்னா இது, இவ்ளோ பேரு ஐஸ் வாங்கறாங்க?"

அக்கா பம்பை விடாமல் சொன்னாள்: "உன் பொண்டாட்டி கட போட்டுட்டா. நீ போய் வரிசைல நில்லு நைனா."

புறப்படுகிற நேரத்தில் இன்ஜின் டிரைவர் டிப்போ வாசலுக்கு வந்தார். நான் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டேன். அடுத்த மாதம் பெரம்பூரில் அவர் அண்ணன் வீட்டில் ஒரு விருந்து இருப்பதாகவும், அங்கேயும் ஒரு பீப்பாய் இறங்கப் போவதாகவும், பத்து ஃபேன் இருந்து பிரயோஜனமில்லை, இந்தக் கை வந்தால்தான் ஆகும் என்றும் இவரிடம் சொன்னார். பாய்லரைப் பற்றிப் பேச்சே இல்லை. பக்கத்தில் நின்ற ஆன்ட்டி, "என் பேபியை அனுப்பறதா இல்லையான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார், ராணி மாதிரி.

சாயங்காலம் தரையைக் கழுவும்போது இவர் மூலையில் நின்றார். "உப்பு மூட்டை இளைச்சுப் போச்சே? இன்னைக்கு யார் ஐஸ்கிரீம் போட்டாங்க?"

கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான்தான் கருவாட்டுக்கு எடுத்துக்கினேன்" என்றாள் அக்கா, கண்ணைக்கூட இமைக்காமல்.

இவர் நம்பிவிட்டார். பல வருஷம் கழித்து இவர் போய்ச் சேர்கிற வரைக்கும் அந்த உப்பு கருவாட்டுக்குப் போனதாகத்தான் நினைத்திருந்தார்.

அடுத்த மாதம் பெரம்பூருக்குப் போகிற அன்று, இவர் வண்டியில் ஐஸ் ஏற்றினார், அண்டாவை ஏற்றினார், வாளியை ஏற்றினார். கடைசியாக, வழக்கப்படி, ஒரு படி கல்லுப்பைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். சந்தில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சோடாக் கடைக்காரரும் இருந்தார்.

"உப்பு வேணாங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சோடாக் கடைக்காரர் கையிலிருந்த கோலி சோடா பாட்டிலைத் தவற விட்டார்.